வால்வில் குடியேறும் காய்ச்சல்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் திருகோணமலையில் காய்ச்சல் காலம் தொடங்கிவிடுகிறது. தை மாதம் வரையில், குச்சவெளி முதல் வெருகல் வரை எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் முதலில் எழும் கேள்வி டெங்குவா என்பதுதான். அப்படிக் கேட்பதும், மூன்றாம் நாள் குருதியைக் கொடுத்துச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதும் எத்தனையோ உயிர்களைக் காத்த நல்ல வழக்கங்கள். ஆனால் இந்த வழக்கத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் விட்டுவிடும். சிறுதட்டு குறையவில்லை, டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகும் மாலையானால் உடம்பு காய்ந்து, இரவில் வியர்த்து, சாப்பாட்டில் மனம் செல்லாமல், இரண்டு கிழமை மூன்று கிழமை என்று நீளும் காய்ச்சலை நாம் 'மாரிக் காய்ச்சல்' என்று பெயரிட்டுப் பனடோலோடு கடத்திவிடுகிறோம். அந்த மனிதருக்கு ஏற்கனவே இதயத்தின் வால்வில் ஒரு குறை இருந்தால், அந்தக் காய்ச்சல் அவருடைய இதயத்துக்குள்ளேயே குடியேறியிருக்கக்கூடும்.

இதன் பெயர் தொற்றுசார் இதய உள்ளுறை அழற்சி. வார்டுகளில் எண்டோகார்டைட்டிஸ் என்பார்கள். உலகின் பல நாடுகளில் ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் பேரில் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்கு வருவதாகக் கணக்கிடப்பட்டிருக்கும் அரிய நோய் இது. அரிதானாலும், பிடித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வைத்தியசாலையிலேயே இறந்துபோகுமளவுக்கு இன்றும் கொடியதாக இருக்கிறது. இதை ஒரு தொற்றுநோய் என்று ஒருபக்கமும், மாரடைப்பு, பாரிசவாதம், இதயச் செயலிழப்பு என்பவற்றை 'ஹார்ட் வருத்தம்' என்று மறுபக்கமும் பிரித்து வைத்துப் பார்ப்பதுதான் நம்மிடையே உள்ள பெரிய குழப்பம் என்று நான் கருதுகிறேன். இதயநோய் இந்தத் தொற்றுக்கு இடம் அமைத்துக் கொடுக்கிறது. தொற்று திரும்பவும் புதிய இதயநோய்களைப் பெற்றுத் தருகிறது.

இதயத்தின் நான்கு வால்வுகளும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 இலட்சம் தடவை திறந்து மூடுகின்றன. பள்ளியில் இருகூர் வால்வு என்று படித்ததை கிளினிக்கில் மைட்ரல் வால்வு என்பார்கள். இடது இதயவறைக்கும் பெருநாடிக்கும் நடுவில் இருப்பது பெருநாடி வால்வு. இந்த இரண்டுமே இடது பக்கத்தில், அழுத்தம் மிகுந்த பக்கத்தில் இருப்பதால் தொற்றும் பெரும்பாலும் இவற்றையே பிடிக்கிறது. வால்வின் இதழ் மெல்லிய திசு. அதைச் சுற்றி எந்நேரமும் குருதி பாய்ந்தாலும், அதற்குள்ளே குருதிக் குழாய்கள் அநேகமாக இல்லை. வாய்க்கால் ஓரத்தில் நட்டிருக்கும் மரப்பலகை போல, நீரில் நனைந்துகொண்டே இருக்கும், ஆனால் நீர் உள்ளே ஓடாது. உடலின் காவற்படையான வெண்குழியங்கள் ஓர் உறுப்புக்குள் நுழைவது அந்த உறுப்பின் குழாய்கள் வழியாகத்தான். ஆகவே இதழில் ஒட்டிக்கொண்ட கிருமியை அவை எளிதில் நெருங்க முடிவதில்லை. இந்த நோய்க்கு ஏன் கிழமைக் கணக்கில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

நல்ல வால்வில் கிருமி சுலபமாக ஒட்டுவதில்லை. பல் துலக்கும்போதும், கடினமான பண்டத்தைக் கடிக்கும்போதும், தோலில் ஒரு புண் வந்தாலும், சில பக்டீரியாக்கள் குருதிக்குள் போய்ச் சில நிமிடங்களில் அழிக்கப்படுகின்றன. இது எல்லோருக்கும் நடப்பது. வால்வில் ஒழுக்கு இருக்கும்போதுதான் கதை மாறுகிறது. கந்தளாய்க் குளத்தின் துருசை முழுதும் மூடாமல் சிறு இடைவெளி விட்டால், தண்ணீர் அந்த இடுக்கால் பீறிட்டுப் பாய்ந்து எதிரே உள்ள மண்ணை அரிப்பதையும், பாய்ச்சலின் ஓரங்களில் சுழன்று நுரையும் சருகும் தேங்குவதையும் பார்க்கலாம். ஒழுகும் வால்வின் இடுக்கால் பின்னோக்கிப் பாயும் குருதியும் இதைத்தான் செய்கிறது. இதயத்தின் உட்புறத்தை மூடியிருக்கும் உள்ளுறையின் மெல்லிய படை உரசுப்படுகிறது. உரசிய இடத்தில் சிறுதட்டுக்களும், குருதி உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் இழைகளும் படிந்து ஒரு சிறு உறைவு உண்டாகிறது. அப்போது அதில் கிருமி எதுவும் இல்லை. அது வெறும் இருக்கை மட்டுமே. பிறகு ஒரு நாள் குருதியில் மிதந்துவரும் கிருமி அந்த இருக்கையில் அமர்ந்து பெருகுகிறது. அதன்மேல் மீண்டும் உறைவு படிகிறது, அதற்குள் மீண்டும் கிருமி பெருகுகிறது. இப்படிப் படைபடையாக வளர்ந்து, ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவியின் திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும் கொத்தாக அது தெரியவருகிறது.

இருக்கை அமைத்துக் கொடுக்கும் நோய்கள் எவை என்று பார்த்தால், நமது பகுதிகளில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன. பழையது வாதக் காய்ச்சல். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் வரும் ஒருவகைத் தொண்டை நோவுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள், உருவ ஒற்றுமையால் ஏமாந்து, சொந்த இதயத் திசுவையும் தாக்கிவிடுகின்றன. இரண்டு மூன்று கிழமை கழித்து மூட்டுகள் வீங்கி நோவெடுக்கும். அது தானாகவே மாறிவிடும். வால்வில் விழுந்த வடு மாறுவதில்லை. பலருக்குச் சிறுவயதில் மூட்டு வீங்கியது நினைவில்கூட இருக்காது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் இளம்பெண்ணின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த வடு முதன்முதலாகச் சத்தமிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். மைட்ரல் வால்வு வெறுமனே சுருங்கியிருப்பதைவிட, மூடாமல் ஒழுகுவதே தொற்றுக்கு அதிகம் இடம் தரும் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. பீறிட்டுப் பாய்வது அங்கேதான்.

இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வாதக் காய்ச்சல் வந்தவர்கள் மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் பென்சிலின் ஊசி, அந்தத் தொண்டைக் கிருமி திரும்ப வராமல் தடுப்பதற்கானது. வால்வில் வேறு கிருமிகள் குடியேறுவதை அது தடுக்காது. 'ஊசி போடுகிறேன்தானே' என்று பல்லுப் பிடுங்கப் போகும் இடத்தில் வால்வுக் குறையைச் சொல்லாமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுங்காலம் பென்சிலின் எடுத்தவர்களின் வாயில் அதற்கு அடங்காத கிருமிகள் தங்கியிருக்கலாம் என்பதால், பல் வைத்தியத்துக்கு முன் கொடுக்கும் தடுப்பு மருந்தை வேறு வகையில் தெரிவு செய்ய வேண்டியும் வரும்.

புதியவை வயதோடும் வசதியோடும் வருபவை. அறுபது, எழுபதைத் தாண்டியவர்களின் பெருநாடி வால்வில் சுண்ணாம்பு படிந்து இதழ்கள் விறைத்துப் போகின்றன. இதைத் தேய்மானம் என்று சொல்லிவிட்டுப் போவது சரியன்று. வயது, உயர் குருதியமுக்கம், புகைத்தல், நீரிழிவு, குருதியில் மிகுந்த கொலஸ்திரோல் என்று, இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளை அடைக்கும் அதே காரணிகள் இந்த வால்வையும் கெடுக்கின்றன. மாரடைப்புக்கு ஆளாகும் மனிதரும் வால்வில் இருக்கை அமைந்துபோன மனிதரும் பலவேளை ஒரே ஆள்தான். அவருக்கு வைக்கப்படும் செயற்கை வால்வோ, பேஸ்மேக்கரோ உயிரைக் காப்பது உண்மை. ஆனால் அந்நியப் பொருளின்மேல் கிருமிகள் பசை போன்ற ஒரு படலத்தை விரித்து அதன் அடியில் ஒளிந்துகொள்ளும் என்பதும் உண்மை. 2002ஆம் ஆண்டில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமல் தொடை நாளத்தின் வழியே முதன்முதலாகப் பெருநாடி வால்வைப் பொருத்தியபோது முதியவர்களுக்கு ஒரு பெருவழி திறந்தது; அந்த வால்வுகளிலும் தொற்று வரத்தான் செய்கிறது.

திருகோணமலை மாவட்டத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பதவி சிறிபுர போன்ற உட்பகுதிகள், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ள வடமத்தியப் பிரதேசத்தின் தொடர்ச்சியாக இருக்கின்றன. கரையோரத்தில் நீரிழிவும் குருதியமுக்கமும் சிறுநீரகத்தைத் தின்கின்றன. முடிவில் இரு பகுதி நோயாளிகளும் வந்து சேர்வது குருதியைச் சுத்திகரிக்கும் டயலிசிஸ் இயந்திரத்தின் முன். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை பெருங்குழாயைக் குருதியோட்டத்தில் இணைத்துக் கழற்றும்போது, தோலில் வாழும் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமிக்கு இதயத்துக்கு நேர்வழி கிடைத்துவிடுகிறது. கழுத்திலோ நெஞ்சிலோ செருகிய குழாய் வழியாகச் சுத்திகரிப்பவர்களுக்கு, கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து வைத்தவர்களைவிட ஆபத்து கூடுதல். சிறுநீரகம் பழுதானவர்களின் வால்வில் சுண்ணாம்பும் இளவயதிலேயே படியத் தொடங்குவதால், இருக்கையும் விருந்தாளியும் ஒரே வீட்டில் தயாராக இருப்பது போலத்தான்.

ஸ்டெஃபிலோகொக்கஸ் பிடித்தால் நோய் சில நாட்களிலேயே முற்றிவிடும். நடுக்கமும் கடுங்காய்ச்சலுமாக வந்து வால்வைக் கிழித்துவிடும். தொண்டை நோவுக் கிருமியிலிருந்து வேறான, வாயிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைகளோ மெல்ல மெல்ல, வாரங்கள் மாதங்களாக ஆளை உருக்குகின்றன. சோர்வு, எடை குறைதல், இடுப்பு நோவு, வெளிறிப்போதல் என்று வரும் இந்த மெல்லிய வகைதான் நெருப்புக்காய்ச்சல் என்றும் காசநோய் என்றும் தவறாக எண்ணப்படுவது. கனடாவில் பிறந்த வில்லியம் ஒஸ்லர் 1885ஆம் ஆண்டில் லண்டன் அரச வைத்தியக் கல்லூரியில் ஆற்றிய உரைகளில் இந்த நோயைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். விரல் நுனியில் தொட்டால் நோகும் சிறு முடிச்சுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். நகத்தின் அடியில் தும்பு ஏறியது போன்ற செங்கோடுகள், உள்ளங்கையில் நோகாத சிவப்புப் புள்ளிகள் ஆகியவையும் சிலரிடம் காணப்படும். வலை இழுப்பவரின் கையிலும் வயலில் நிற்பவரின் நகத்திலும் இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அத்தனை எளிதல்ல என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பென்சிலினுக்கு முன் இது அநேகமாக மரணத் தீர்ப்புதான். வால்வில் குறையுள்ளவர் என்று 1907இல் அறியப்பட்ட இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் குருதியை 1911இன் தொடக்கத்தில் நியூயோர்க்கில் எடுத்து வளர்த்துப் பார்த்தபோது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வளர்ந்தது. என்ன நோய் என்பது துல்லியமாகத் தெரிந்தும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி அவர் வியன்னாவில் இறந்தார். இன்று நிலைமை தலைகீழ். செய்வதற்கு மருந்து இருக்கிறது. பலவேளை துல்லியமாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் நாமே அழித்துவிடுகிறோம்.

அழிப்பது எப்படி என்றால், ஒன்றிரண்டு நாள் அன்டிபயோட்டிக் குளிசைகளால். இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதற்கருவி குருதி வளர்ப்புச் சோதனை. வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி, குறைந்தது மூன்று தடவை, மருந்து தொடங்குமுன் குருதி எடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய அமொக்சிசிலினையோ, டிஸ்பென்சரியில் தாளில் மடித்துக் கொடுத்ததையோ நான்கு நாள் விழுங்கிவிட்டு வந்தால், குருதியில் உள்ள கிருமி வளர்ப்பில் முளைக்காது. வால்வில் உள்ள கிருமியோ சாகாது. காய்ச்சல் மட்டும் சற்றே தணிந்து, குளிசை முடிந்ததும் திரும்பும். இப்படித் தணிந்து திரும்பும் காய்ச்சலே வால்வுக் குறையுள்ளவரிடத்தில் ஒரு பெரிய துப்பு. வளர்ப்பில் முளைக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. மாடுகளிடமிருந்து காய்ச்சாத பால் வழியாக வரும் புரூசெல்லா போன்றவை மிக மெதுவாகவே வளரும் அல்லது தனிச் சோதனைகளைக் கேட்கும். எருமையும் மாடும் வளர்க்கும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நோயாளியிடம் தொழில் என்ன என்று வைத்தியர் கேட்பது வெறும் பேச்சுக்காக அல்ல.

இரண்டாவது கருவி எக்கோ. நெஞ்சின்மேல் வைத்துப் பார்ப்பதில் தெரியாத சிறு கொத்துகள், உணவுக்குழாய் வழியே கருவியை இறக்கிப் பார்க்கும்போது தெரியும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு இந்த இரண்டாம் வகையை நாடவேண்டியே வரும். இவற்றையும் மற்ற அறிகுறிகளையும் சேர்த்து எடைபோடுவதற்கு, 1994இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வகுத்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட அளவுகோல்கள் பயன்படுகின்றன.

தொற்று எப்படி 'ஹார்ட் வருத்தமாக' மாறுகிறது என்பதே இந்த நோயின் மிகக் கனமான பகுதி. இதழ் கிழிந்தாலோ ஓட்டை விழுந்தாலோ, இதயம் தள்ளிய குருதி திரும்பி வந்து நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். இந்த நோயில் இறப்பவர்களில் பெரும்பாலோரை எடுத்துச் செல்வது இந்த இதயச் செயலிழப்புதான். கிருமி இறந்த பிறகும் கிழிந்த வால்வு கிழிந்ததுதான். பெருநாடி வால்வின் அடிப்பகுதியில் சீழ் கட்டினால், அருகிலுள்ள மின்தூண்டல் பாதை அறுபட்டு நாடித்துடிப்பு மந்தமாகிவிடும். அதனால்தான் வார்டில் தினமும் ஈசிஜி எடுக்கிறார்கள். 'மருந்து ஏற்றுகிறீர்கள், இதை எதற்கு ஒவ்வொரு நாளும்' என்று சலித்துக்கொள்ளும் உறவினர்களுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நல்லது. கொத்தின் ஒரு துணுக்கு உடைந்து முடியுரு நாடிக்குள் போனால் மாரடைப்பு; மண்ணீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ போனால் விலாவிலும் முதுகிலும் கடும் நோவு.

மூளைக்குப் போனால் பாரிசவாதம். இது அரிதன்று; இந்த நோயாளிகளில் ஐந்து ஆறு பேரில் ஒருவருக்காவது நேர்கிறது, சிலருக்கு அதுவே முதல் அறிகுறி. இங்கேதான் காய்ச்சல் பற்றிய ஒரு சொல் உயிரைக் காக்கும். வாய் கோணிக் கை விழுந்து வருபவருக்கு, சில மணித்தியாலங்களுக்குள் உறைவைக் கரைக்கும் மருந்து கொடுப்பது இப்போதைய சிகிச்சை. ஆனால் வால்வுத் தொற்றிலிருந்து உடைந்து வந்த துணுக்கு அடைத்திருந்தால் அந்த மருந்து மூளையில் பெருங்குருதிக் கசிவை உண்டாக்கும் ஆபத்து அதிகம்; ஆகவே அதைத் தவிர்க்கவேண்டும் என்பதே வழிகாட்டல். அழைத்துவரும் மகனோ மனைவியோ 'மூன்று கிழமையாகக் காய்ச்சலும் இருந்தது, வால்வுக்கு கிளினிக் போகிறவர்' என்று சொல்வது அங்கே ஒரு சோதனை அறிக்கைக்குச் சமம். குருதியை ஐதாக்கும் மருந்துகளோ அஸ்பிரினோ புதிதாகத் தொடங்கினால் துணுக்கு உடைவது குறையும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் அஸ்பிரின் அத்தகைய நன்மை எதையும் தரவில்லை. துணுக்கு உடைவதைக் குறைப்பது சரியான நுண்ணுயிர்க்கொல்லிதான். சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே அந்த ஆபத்து வேகமாக இறங்கிவிடுகிறது.

சிகிச்சை என்பது பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமை நாளத்தின் வழி மருந்து ஏற்றுவது. பத்து நாளில் காய்ச்சல் விட்டு, சோறு இறங்கி, ஆள் தெளிந்துவிடுவார். அதற்குப் பிறகு ஒரு மாதம் கட்டிலில் கிடப்பது, கடலில் படகும் வயலில் அறுவடையும் காத்திருக்கும் மனிதருக்கு எத்தனை கடினம் என்று விளங்குகிறது. ஆனால் கொத்தின் ஆழத்தில் உறங்கிக் கிடக்கும் கிருமிகள் பெருகாமல் இருப்பதாலேயே மருந்துக்கு எளிதில் சாவதில்லை. 2018இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், நிலை சீரான 400 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பிற்பகுதிச் சிகிச்சையைக் குளிசையாக மாற்றியும் விளைவு குறையவில்லை என்று காட்டினார்கள். அவர்கள் நெருங்கிய கண்காணிப்பில் இருந்த, தெரிந்தெடுக்கப்பட்ட நோயாளிகள். அதைக் கேள்விப்பட்டு, கட்டிலை விட்டுத் தானாக எழுந்து போவதற்கு அந்த ஆய்வு அனுமதி தரவில்லை.

பாதியளவானவர்களுக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். மூச்சு முட்டல் அடங்காவிட்டால், சீழ் கட்டினால், 10 மில்லிமீற்றரை விடப் பெரிய கொத்து ஒன்று இருந்து அதிலிருந்து துணுக்கு உடைந்தால், மருந்து முடியும்வரை காத்திருக்காமல் வால்வைச் சீர்செய்யவோ மாற்றவோ வேண்டும். இங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். நிலை மோசமான பிறகு அம்புலன்சில் ஏற்றுவதைவிட, நோய் உறுதியானதுமே சத்திரசிகிச்சை நிலையத்தோடு பேசி வைப்பது ஏன் என்பதை இந்தத் தூரமே விளக்கிவிடும்.

பல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1935இல் லண்டனில் ஒக்கெல், எலியட் என்ற இருவர், பல்லுப் பிடுங்கியதும் குருதியில் கிருமி தென்படுவதைக் காட்டினார்கள். 1955இல் அமெரிக்க இதயச் சங்கம் பல் வைத்தியத்துக்குமுன் தடுப்பு மருந்து கொடுக்கப் பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு அப்படியே போனது. பின்னர் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பல்லுப் பிடுங்கியவர்களில் 60 வீதமானோருக்கும், வெறுமனே பல் துலக்கியவர்களில் 23 வீதமானோருக்கும் இந்நோயை உண்டாக்கக்கூடிய கிருமிகள் குருதியில் வந்ததைக் காட்டியது. பல்லுப் பிடுங்குவது ஆயுளில் சில தடவை. துலக்குவது தினமும் இரு தடவை. ஆகவே முரசு, அதாவது பல் ஈறு, கெட்ட வாய்தான் அன்றாட ஆபத்து என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்கச் சங்கம் 2007இலேயே தடுப்பு மருந்தைச் செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இத்தொற்று வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் போன்ற மிகு ஆபத்துக் கூட்டத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. வாதக் காய்ச்சலின் வடு மட்டும் உள்ளவர்களைப் பற்றி நாடுகளின் வழிகாட்டல்கள் வேறுபடுவதால், அதைத் தத்தம் இதய வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே சரி. எல்லோருக்கும் பொதுவானது முரசைக் காப்பது. வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலையோடு நாள்முழுதும் குதப்பி, பல் ஆடத் தொடங்கிய பின்னும் 'விழுந்தால் விழட்டும்' என்று விட்டுவிடும் நமது பெரியவர்களில் வால்வுக் குறை உள்ளவர்களை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

முரசு நோய்க்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்று இப்போது பரவும் செய்தியை இதனோடு கலக்கக்கூடாது. முரசு கெட்டவர்களிடம் நாடி அடைப்பு அதிகம் காணப்படுவது உண்மை; ஆனால் புகைத்தலும் நீரிழிவும் இரண்டுக்கும் பொதுக் காரணங்கள். ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை என்றே அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் மதிப்பிட்டது. முடியுரு நாடி நோயாளிகள் நாலாயிரம் பேருக்கு ஓராண்டு அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2005இல் எந்தப் பலனும் இல்லை என்று முடிந்தது. வால்வில் கிருமி இருக்கிறது, ஆகவே மருந்து கொல்கிறது. நாடிச் சுவரின் கொழுப்புப் படிவுக்கு அந்த மருந்தால் ஒன்றும் ஆவதில்லை.

சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர் பழைய ஆளாகத் திரும்புவதில்லை. தாய்வானில் நாடளாவிய பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், இத்தொற்றிலிருந்து பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் பாரிசவாதமும் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் மற்றவர்களைவிட அதிகமாக வந்தன. அவர் இப்போது 'முன்பு இத்தொற்று வந்தவர்' என்ற மிகு ஆபத்துக் கூட்டத்தைச் சேர்ந்தவர். பல்லுப் பிடுங்கப் போகும்போது நேற்றுவரை தேவைப்படாத தடுப்பு மருந்து இனி வாழ்நாள் முழுதும் தேவை. வளர்ப்பில் முளைத்தது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் காலோலிட்டிகஸ் என்றால், அந்தக் கிருமி பெருங்குடல் புற்றுநோயோடு சேர்ந்து காணப்படுவதால், குடலையும் கமெரா விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். முதற்சில மாதங்களில் காய்ச்சல் திரும்பினால், அது மாரியோ கோடையோ, எந்தக் குளிசையும் விழுங்குமுன் கிளினிக் கொப்பியோடு போய் மறுபடி குருதி வளர்ப்புக்குக் கொடுக்க வேண்டும். கொப்பியின் முதற்பக்கத்தில் எந்த வால்வு, எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை கிழமை என்று எழுதியிருந்தால், இரவு இரண்டு மணிக்கு அதைத் திறக்கும் புதிய வைத்தியருக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்காது.